வெள்ளம் என்று எழுதிய பிள்ளைக்கு நான் போட்ட சைபர்

கிழக்குவாசல்மாஷ் (இழையைத் தொடங்கியவர்)

இதை எழுதலாமா வேண்டாமா என்று ரெண்டு வாரமாக யோசித்துக்கொண்டிருந்தேன். இங்கே பாதிப்பேர் வாத்தியார்கள், மீதிப்பேர் வாத்தியார்களிடம் அடி வாங்கியவர்கள், அதனால் இடம் சரிதான்.

ஊர் சித்தூர் தாலுகா. ஆந்திரா சித்தூர் இல்லை, பாலக்காட்டுச் சித்தூர், ஒவ்வொரு தடவையும் இதைச் சொல்லித் தொலைக்கவேண்டியிருக்கிறது. கொழிஞ்சாம்பாறை தாண்டி, தமிழ்நாட்டு எல்லைக்குப் பக்கமாக ஒரு யூபி ஸ்கூல், அதாவது அப்பர் பிரைமரி. தமிழ் மீடியம் டிவிஷன். பத்தொன்பது வருஷமாக வாத்தியார். கேரளா என்றால் எங்கே பார்த்தாலும் தண்ணீர் என்று நினைப்பவர்கள் மாசி பங்குனியில் இந்தப் பக்கம் ஒருமுறை வந்து பார்க்கவேண்டும், கிணறு எல்லாம் வாயைப் பிளந்து கிடக்கும், குடிக்கிற தண்ணீர் லாரியில் வரும்.

பிப்ரவரியில் அஞ்சாம் வகுப்புக்கு ஒரு யூனிட் டெஸ்ட். கேள்வி நானே போட்டதுதான். 'வெள்ளத்தால் ஏற்படும் தீமைகள் மூன்றினை எழுதுக', மூன்று மார்க். ஒரு பெண் எழுதியிருந்ததை அப்படியே தருகிறேன்: 'வெள்ளத்தால் தீமை இல்லை. எங்கள் வீட்டில் வெள்ளம் செவ்வாயும் வெள்ளியும் வரும். வெள்ளம் வந்தால் அம்மா எல்லா குடமும் நிறைக்கும். அப்பா குளிக்கும். வெள்ளம் இல்லை என்றால் தான் தீமை.'

படித்ததும் சிரித்துவிட்டேன். சிவப்பு மையில் சைபர் போட்டு, போட்டோ எடுத்து, நாலைந்து பள்ளி வாத்தியார்கள் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். மேலே 'அப்பா குளிக்க வெள்ளம் வேண்டும்' என்று ஒரு வரி வேறு. பேரைக் கட்டைவிரலால் மறைத்துத்தான் எடுத்தேன், அதை அப்போது பெரிய நாகரிகம் என்று நினைத்தேன். சிரிக்கிற பொம்மைகள் வரிசையாக வந்தன. படம் எங்கெங்கோ போய், ரெண்டு நாளில் ஒரு டியூஷன் சென்டர் குழுவுக்கு வந்து, அங்கே படிக்கிற அவள் சித்தி பையன் எழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டான். அவள் 'ள்' போட்டால் வாலை அடுத்த வரி வரைக்கும் இழுப்பாள், வகுப்பில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

மறுநாள் நாலு மணிக்கு அம்மா கேட்டில் நின்றிருந்தார். தொழிலுறப்பு வேலையிலிருந்து, அதாவது நூறு நாள் வேலையிலிருந்து, நேராக வந்திருந்தார், காலில் செம்மண். சண்டைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்துத் தயாராகப் போனேன். அவர் சொன்னது இவ்வளவுதான்: 'சாரே, மோள் எழுதினது பொய்யில்லை. லாரி செவ்வாயும் வெள்ளியும்தான் வரும். வேணும்னா வந்து பாருங்கோ. எங்க வீட்டுல வெள்ளம் இல்லைன்னு எல்லாரும் சிரிக்கிறாங்கன்னு அவள் ஸ்கூலுக்கு வரமாட்டேங்கிறாள்.'

வீட்டில் தண்ணீர் இல்லாததைப் பார்த்துத்தான் நாங்கள் சிரித்தோம் என்று அவர் நினைத்துவிட்டார். இல்லம்மா, அது வார்த்தைக் குழப்பம், தமிழில் வெள்ளம் என்றால் வேறே அர்த்தம் என்று நான் விளக்க விளக்க, அது இன்னும் கேவலமாகப் போய்க்கொண்டிருந்தது. வறுமையைப் பார்த்துச் சிரிக்கவில்லை, உங்கள் பேச்சைப் பார்த்துத்தான் சிரித்தேன் என்று சொல்வதில் என்ன ஆறுதல் இருக்கிறது?

அவள் மூன்று நாள் கழித்து வந்தாள். பேசுவதில்லை. கேள்வி கேட்டால் எழுந்து நிற்பாள், அவ்வளவுதான். இப்போது என் கேள்வி: வகுப்பில் எல்லோர் முன்னாலும் மன்னிப்புக் கேட்பதா, தனியாகவா? முன்னால் கேட்டால் தெரியாத பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். தனியாகக் கேட்டால் நான் தப்பித்துக்கொண்ட மாதிரி இருக்கிறது.

நாஞ்சில்வாத்தி

அண்ணாச்சி, தூக்கத்தைக் கெடுத்துக்கிடாதீங்க. நாங்கள் படித்த காலத்தில் வேலிக்கம்பு ஒடித்துக்கொண்டு வரச்சொல்லி அதாலேயே அடித்தார்கள், யாரும் இழை தொடங்கவில்லை. இப்போது கம்பைத் தொடக்கூடாது, கல்வி உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவு, சரி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வாத்தியார்கள் தங்களுக்குள் சிரித்துக்கொள்வதற்குமா கோர்ட்டு? நாற்பது பேரைக் கட்டி மேய்த்துவிட்டு சாயங்காலம் ஒரு விடைத்தாளைப் பார்த்துச் சிரிப்பதுதான் எங்களுக்கு மிச்சம். குழு பூட்டின அறை மாதிரி. வெளியே கொண்டுபோனவன்தான் குற்றவாளி.

தேயிலைக்காடு

17ஆம் பிரிவைப் பாதியோடு நிறுத்திவிட்டீர்கள் சார். உடல் தண்டனையோடு மன உளைச்சல் தருவதையும் சேர்த்துத்தான் தடை செய்திருக்கிறது. அப்புறம், நாலைந்து பள்ளி ஆட்கள் இருக்கிற குழு பூட்டின அறை இல்லை, சந்தை.

நான் தேவிகுளம் தாலுகாவில் எஸ்டேட் எல்பி (லோயர் பிரைமரி) ஸ்கூல் டீச்சர். என் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உபதேசம் மாதிரி ஆகிவிடும். 2020 ஆகஸ்ட் 6 ராத்திரி பெட்டிமுடியில் தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் மேல் மலை சரிந்து 70 பேர் போனார்கள், உங்களுக்கெல்லாம் நினைவிருக்கும். அதற்குப் பிறகு கொஞ்ச காலம் இந்த மலைக்கு உதவி நிறைய வந்தது. எங்கள் பள்ளிக்கும் வந்தது, நோட்டு, பை, கம்பளி. வந்தவர்கள் நல்லவர்கள்தான். பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, ஒவ்வொருவர் கையிலும் பையைக் கொடுத்து, பின்னால் பேனர் பிடித்துப் படம் எடுத்தார்கள். வரிசையை நேராக்கியது நான். 'சிரி, சிரி' என்று சொன்னதும் நான். ஒரு பையன் மட்டும் பையை வாங்கிக்கொண்டு முகத்தை அதற்குப் பின்னால் வைத்துக்கொண்டான். அவனை நான் திட்டினேன். அன்றைக்கு எனக்கு எதுவும் தோன்றவில்லை. அடுத்த வருஷம் அந்தப் படத்தை யாரோ மறுபடி போட்டபோது, வரிசையில் அந்த மூஞ்சி இல்லாத பை ஒன்று நின்றதைப் பார்த்தேன். இப்போது யார் வந்தாலும் பொருளை ஆபீஸில் வைத்துவிட்டுப் போகச் சொல்கிறேன், படம் வேண்டுமானால் பைகளை அடுக்கி எடுத்துக்கொள்ளட்டும். ரெண்டு பேர் கோபித்துக்கொண்டு திரும்பிப் போனார்கள், பைகளோடுதான். அது பிள்ளைகளுக்கு நஷ்டம், தெரியும்.

உங்கள் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை சார். அவள் பேசாமல் இருப்பதைச் சீக்கிரம் சரிபண்ண வேண்டும் என்று அவசரப்படாதீர்கள் என்று மட்டும் சொல்வேன்.

குப்பத்துக்காரன்

எல்லோரும் போட்டோவையே பேசுகிறீர்கள். எனக்கு அந்தச் சைபர்தான் உறுத்துகிறது.

நான் குப்பம். மூன்று மாநிலம் முட்டுகிற மூலை, ஒரு பக்கம் கிருஷ்ணகிரி, ஒரு பக்கம் கோலார். வீட்டில் தமிழ், தெருவில் தெலுங்கு, சந்தையில் கன்னடமும் காதில் விழும். தமிழ் படிக்கிற பிள்ளை 'இல்லுக்குப் போகிறேன்' என்று எழுதும், தெலுங்கில் இல்லு என்றால் வீடு. ஆரம்பத்தில் நானும் சுழித்துக்கொண்டிருந்தேன். அப்புறம் ஒருநாள் 'இல்'லே தமிழில் வீடுதானே, இல்லம் என்று நாம் பத்திரிகையில் அடிக்கிறோமே என்று தோன்றி, பேனா நின்றுவிட்டது.

உங்கள் மாணவி கேள்வியைச் சரியாக வாசித்திருக்கிறாள். அவள் மொழியில் வெள்ளம் என்றால் தண்ணீர். தண்ணீரால் என்ன தீமை என்று வாத்தியார் கேட்கிறார், கேள்வியே விசித்திரமாக இருக்கிறது, ஆனாலும் கேட்டுவிட்டாரே என்று யோசித்து, தீமை இல்லை, இல்லாமல் போனால்தான் தீமை என்று காரணத்தோடு எழுதியிருக்கிறாள். சொந்த வீட்டிலிருந்து உதாரணம் வேறு. மற்ற பிள்ளைகள் என்ன எழுதியிருப்பார்கள்? பயிர் அழியும், வீடு இடியும், நோய் பரவும். நோட்டில் நீங்கள் எழுதிப்போட்டதுதானே? அந்தத் தாளில் யோசித்து எழுதிய பதில் இது ஒன்றுதான் என்று நினைக்கிறேன். போட்டோ போடாமல் சைபர் மட்டும் போட்டிருந்தால் இந்த இழையே வந்திருக்காது, இல்லையா? அதை யோசியுங்கள்.

தேயிலைக்காடு

ஆமாம். சைபருக்கு இப்போது விலையும் கூடியிருக்கிறது. கேரளாவில் 2024-25 முதல் எட்டாம் வகுப்பில் எழுத்துத் தேர்வுக்கு ஒவ்வொரு பாடத்திலும் 30 சதவீதம் குறைந்தபட்சம் வைத்துவிட்டார்கள். இவள் மூன்று வருஷத்தில் அங்கே போய் நிற்பாள். அதற்குள் வாயை மூடிக்கொள்ளப் பழகிவிட்டால் சப்போர்ட் கிளாஸ் வைத்துத்தான் திறக்கவேண்டும்.

நாஞ்சில்வாத்தி

முதலில் எழுதினதை அழிக்கவில்லை, கிடக்கட்டும். ஆனால் ஒன்று சொல்லணும். நான் குமரி மாவட்டம், விளவங்கோடு தாலுகா. எங்கள் வீட்டில் இன்றைக்கும் 'கொஞ்சம் வெள்ளம் கொண்டா' என்றால் குடிக்கத்தான். 1956 நவம்பர் 1ஆம் தேதி நாங்கள் தமிழ்நாட்டோடு சேர்ந்தோம், வெள்ளமும் கூடவே வந்துவிட்டது. அண்ணாச்சி போட்ட விடையைப் படித்ததும் எனக்கு அர்த்தம் உடனே புரிந்தது. புரிந்தும் சிரித்தேன். எதற்குச் சிரித்தேன் என்று யோசித்தால், பி.எட். சேர்ந்த முதல் வாரம் நான் 'வெள்ளம் குடிச்சிட்டு வரேன்' என்று சொல்லி, மதுரைக்காரப் பையன்கள் ஒரு வருஷம் என்னை 'வெள்ளம்' என்றே கூப்பிட்டார்கள். அதைத்தான் நான் திருப்பிக் கொடுத்திருக்கிறேன் போல.

கிழக்குவாசல்மாஷ்

குப்பத்துக்காரரே, அடி சரியான இடத்தில் விழுந்தது. விடைக்குறிப்பு நான் போட்டது, கேள்வி நான் போட்டது, மொழியும் நான் போட்டது. அவள் எதில் ஜெயிக்க முடியும்?

இன்னொன்றும் இருக்கிறது. முதல் பதிவில் இதை விட்டுவிட்டேன். வேண்டுமென்றுதான் விட்டேன்.

கேரளாவில் வேலை பார்ப்பவர்களுக்கு ஆறாவது வேலை நாள் என்றால் என்னவென்று தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: ஜூனில் பள்ளி திறந்து ஆறாவது வேலை நாளில் தலை எண்ணுவார்கள். அன்றைக்கு இருக்கிற எண்ணிக்கையை வைத்துத்தான் அந்த வருஷத்துக்கு எத்தனை டிவிஷன், எத்தனை வாத்தியார் என்று முடிவாகும். ஒரு தலை குறைந்தால் ஒரு போஸ்ட் போகலாம். அதனால் மே மாதம் முழுக்க நாங்கள் வெயிலில் வீடு வீடாகப் போவோம், ஓட்டுக் கேட்கிற மாதிரி.

இந்தப் பெண்ணின் வீட்டுக்கும் போனேன். அப்பா தமிழ், தென்னந்தோப்பில் கள் இறக்குகிறவர். அம்மா நெம்மாறைப் பக்கம், மலையாளம். எந்த மீடியத்தில் போடுவது என்று அவர்களுக்கே குழப்பம். எங்கள் டிவிஷனுக்கு ரெண்டு பேர் குறைந்திருந்தது. 'தாய்மொழியில் படித்தால்தான் பிள்ளைக்குப் புரியும்' என்று அந்தத் திண்ணையில் உட்கார்ந்து அரைமணி நேரம் பேசினேன். அரசியல் சட்டத்திலேயே இருக்கிறது, பிரிவு 350ஏ, சிறுபான்மை மொழிப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வி தாய்மொழியில் கிடைக்கவேண்டும் என்று சொன்னேன். எல்லாம் உண்மைதான். அவளுடைய தாய் பக்கத்தில் நின்று எனக்கு மோர் கலக்கிக்கொண்டிருந்தார். அவர் மொழி என்ன என்று நான் கேட்கவே இல்லை.

அப்படிக் கூட்டிக்கொண்டு வந்த பிள்ளை, அம்மாவின் வார்த்தையை எழுதினதற்குத்தான் சைபர் போட்டேன்.

நாஞ்சில்வாத்தி

கேட்கலாமா கூடாதா தெரியவில்லை. உங்கள் பிள்ளை எந்த மீடியம் அண்ணாச்சி?

கிழக்குவாசல்மாஷ்

இங்கிலீஷ் மீடியம். பொள்ளாச்சியில். கேட்டது சரிதான்.

குப்பத்துக்காரன்

இதில் உங்களை மட்டும் நிறுத்தி அடிக்கமாட்டேன். போஸ்ட்டைத் தலை எண்ணிக்கையில் கட்டிவிட்டு, வாத்தியார் பெற்றோருக்கு நேர்மையாக ஆலோசனை சொல்லவேண்டும் என்றால் எப்படி? கடைக்காரனிடம் போய் எந்தக் கடையில் நல்ல அரிசி கிடைக்கும் என்று கேட்கிற மாதிரி. அதற்காகச் சொல்லாமல் இருக்கவும் முடியாது, நாம் போகாவிட்டால் தமிழ் வகுப்பே இல்லாமல் போகும், எங்கள் பக்கம் அப்படிக் காணாமல் போனவற்றை விரல்விட்டு எண்ண விரல் போதாது. நான் இப்போது செய்வது இதுதான்: 'எனக்கு இதில் சொந்த லாபம் இருக்கிறது, அதைக் கழித்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்' என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சிலர் சிரித்துவிட்டுச் சேர்க்கிறார்கள். சிலர் சிரித்துவிட்டு கான்வென்ட்டுக்குப் போகிறார்கள்.

பழையபெஞ்ச்

நான் வாத்தியார் இல்லை. கொழிஞ்சாம்பாறையில் படித்தவன், இப்போது கோயம்புத்தூரில் லேத் பட்டறை. மாஷ் கேட்ட கேள்விக்கு யாருமே பதில் சொல்லவில்லை, அதனால் எழுதுகிறேன்.

நான் ஆறாவது படிக்கும்போது கிராண்ட் பணம், அதாவது ஜாதி பார்த்துக் கொடுக்கிற உதவித்தொகை, வந்திருக்கிறது என்று கிளாஸில் பேர் வாசித்தார்கள். 'பேர் வாசிப்பவர்கள் எழுந்து நில்லுங்கள்.' ஒன்பது பேர் நின்றோம். அதுவரைக்கும் யார் என்ன ஜாதி என்று பக்கத்து பெஞ்சுக்குத் தெரியாது, அன்றைக்குத் தெரிந்தது. என் அப்பா போய் சத்தம் போட்டார். மறுநாள் சார் மறுபடி எங்கள் ஒன்பது பேரையும் எழுந்து நிற்கச்சொல்லி, 'இவர்களை நான் இப்படி நிறுத்தியது தவறு' என்று மன்னிப்புக் கேட்டார். நல்ல மனுஷன், கண் கலங்கிவிட்டது அவருக்கு. எனக்கு முதல் நாளைவிட ரெண்டாவது நாள்தான் ஞாபகம் இருக்கிறது. மாஷே, எல்லார் முன்னாலும் வேண்டாம். வீட்டுக்கும் போகாதீர்கள், வாத்தியார் வந்தால் தெருவே வந்து நிற்கும். அவள் பெஞ்சில், அவளுக்குக் கேட்கிற மாதிரி, ஒரே ஒருமுறை சொல்லுங்கள். அழாதீர்கள். நீங்கள் அழுதால் அவள் உங்களைச் சமாதானப்படுத்தவேண்டி வரும்.

தேயிலைக்காடு

இதைப் பயிற்சியில் யாராவது சொல்லிக்கொடுத்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். வருஷா வருஷம் வாத்தியார்களுக்கான பயிற்சி என்று கிளஸ்டர் மீட்டிங் உட்கார்ந்துதான் வருகிறோம்.

நாஞ்சில்வாத்தி

பயிற்சியா? 2025 செப்டம்பர் 1 சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்குப் பிறகு எனக்கு ஒரே பயிற்சிதான் டீச்சர், டெட் கைடு, அதாவது ஆசிரியர் தகுதித் தேர்வு கைடு. ஓய்வுக்கு ஐந்து வருஷத்துக்கு மேல் இருந்தால் ரெண்டு வருஷத்துக்குள் தேறவேண்டும் என்றார்களே, எனக்கு ஒன்பது இருக்கிறது. குழந்தை உளவியல்காரர் பியாஜே எத்தனை வளர்ச்சி நிலை சொன்னார் என்று ராத்திரி பத்து மணிக்கு என் மகள் என்னைக் கேள்வி கேட்கிறாள். நாலு. சொல்லிவிடுவேன். வெள்ளத்துக்கு எத்தனை மார்க் போடலாம் என்று அந்தக் கைடில் இல்லை.

கிழக்குவாசல்மாஷ்

கிளஸ்டரைப் பற்றி நான் குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும், ஏனென்றால் கடைசி வரிசையில் உட்கார்ந்து இந்த மாதிரிப் படங்களை அனுப்பிக்கொண்டிருந்தவனே நான்தான்.

அதைவிட இன்னொரு சங்கதி. டீச்சிங் மேனுவலில் ஒரு பக்கம் செயல்பாடு எழுதுவோம், எதிர்ப்பக்கம் வகுப்பு எப்படிப் போனது என்று மதிப்பீட்டுக் குறிப்பு. போன வாரம் பழைய மேனுவல்களை எடுத்துப் புரட்டினேன். ஒன்பது வருஷத்து மேனுவல் வீட்டில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தில் எல்லாம் ஒரே வாக்கியம்: 'பெரும்பாலான குழந்தைகள் கற்றல் அடைவை எட்டினர்.' கையெழுத்துகூட மாறவில்லை. சில இடத்தில் அவசரத்தில் 'பெரும்பாலான' மட்டும் எழுதி விட்டிருக்கிறேன். ஒன்பது வருஷத்தில் எந்தக் குழந்தையின் பேரும் அந்தப் பக்கங்களில் இல்லை. அனுபவம் பத்தொன்பது வருஷம் என்று முதல் பதிவில் எழுதினேன் அல்லவா, அதில் பாதி ஒரே வருஷத்தைத் திரும்பத் திரும்ப எழுதியதுதான்.

இப்போது எதிர்ப்பக்கத்தில் தினமும் ஒரே ஒரு பிள்ளை, என்ன சொன்னது, எனக்கு எது புரியவில்லை என்று ரெண்டு வரி எழுதுகிறேன். நாலு நாள் எழுதினேன், ரெண்டு நாள் விட்டுவிட்டேன். பார்ப்போம்.

குப்பத்துக்காரன்

அந்தக் குழுவில் என்ன செய்தீர்கள்?

கிழக்குவாசல்மாஷ்

அழிக்கப் பார்த்தேன், நேரம் தாண்டிவிட்டது, என் போனில் மட்டும்தான் அழிந்தது. அதனால் எழுதிப் போட்டேன்: அந்த விடை சரி, நான் போட்டது தப்பு, மலையாளத்தில் வெள்ளம் என்றால் என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும், யார் போனில் படம் இருந்தாலும் அழித்துவிடுங்கள். மூன்று பேர் கட்டைவிரல் காட்டினார்கள். ஒருவர் 'மாஷ் சீரியஸாயிட்டார்' என்று எழுதினார். அதற்குச் சிரிப்புப் பொம்மை எட்டு. அவ்வளவுதான் நடந்தது.

பழையபெஞ்ச்

அவளிடம் பேசினீர்களா மாஷே?

கிழக்குவாசல்மாஷ்

வெள்ளிக்கிழமை பேசினேன். மத்தியானச் சாப்பாட்டுக்கு எல்லோரும் தட்டு எடுத்துக்கொண்டு ஓடின நேரம், அவள் எப்போதும் மெதுவாகத்தான் எழுந்திருப்பாள். பெஞ்சுக்குப் பக்கத்தில் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து, 'நீ எழுதியது சரி, எனக்குத்தான் விளங்கவில்லை, படம் எடுத்தது என் தப்பு' என்றேன். மனப்பாடம் செய்துகொண்டு போயிருந்தேன். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரொம்ப நேரம் கழித்து, மூன்று வாரத்தில் முதல் தடவையாக வாயைத் திறந்தாள். 'அப்போ எத்தனை மார்க்கு சார்?'

மூன்று என்றேன். தாராளமாக.

'மூணு தீமை கேட்டீங்க. நான் ஒண்ணுதானே எழுதினேன். வெள்ளம் இல்லைன்னா தீமைன்னு. ஒரு மார்க்கு.' தட்டை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

யோசித்துப் பார்த்தேன், கணக்கு சரிதான். ரிஜிஸ்டரில் சைபரை அடித்து ஒன்று போட்டு, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன். திருத்தம் இருந்தால் எச்.எம். பார்க்கவேண்டும். விடைத்தாளைக் கொண்டு போய் நீட்டினேன். எங்கள் எச்.எம். மலையாளி. தமிழ் எழுத்துக் கூட்டி வாசிப்பார். விரல் வைத்து ஒவ்வொரு வரியாக வாசித்தார், வெள்ளம் செவ்வாயும் வெள்ளியும் வரும், அம்மா எல்லா குடமும் நிறைக்கும், அப்பா குளிக்கும். முடித்துவிட்டு சிவப்பு மையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

'இதில் எந்தா தெற்று?' என்றார், என்ன தப்பு என்று.